கண்ணில் நிறுத்திவிட்டார்கள்: ரிவ்யூவா, லேசரா, வேறு வாசலா?

குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் சாலையில், சைனகுண்டா செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், விடியற்காலை நாலரை மணிக்கு ஓடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். யானை இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்தால் அன்றைக்கு மட்டும் ஓட்டம் ஊருக்குள். பாதிப் பேர் இந்தப் பக்கத்துப் பையன்கள். மீதிப் பேர் செக்போஸ்ட் தாண்டி இருக்கும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். அவர்களோடு கூடவே நிற்கும் நாலைந்து ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர்களில் நானும் ஒருவன். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்துவிட்டு வந்தவன். அதனால் என்னிடம் ஓட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, மெடிக்கலைப் பற்றித்தான் கேட்பார்கள்.

இந்த முறை ராணுவ ஆள்சேர்ப்பு ரேலியில் எங்கள் பையன்களில் மூன்று பேர் கண்ணில் நின்றுவிட்டார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி, பத்து புல்-அப் எடுத்து, ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டியவர்கள். எல்லாம் முடிந்து கண் சார்ட் முன்னால் நின்றபோதுதான் சீட்டில் ‘அன்ஃபிட்’ விழுந்தது. மறுநாள் டீக்கடையில் என் அக்கா மகன் போனை நீட்டினான். ஏதோ அமெரிக்க வீடியோ. “மாமா, கண்ணு சரியில்லன்னாலும் வெய்வர்னு ஒண்ணு வாங்கிக்கலாமாம். நம்மளும் எழுதிப் போடலாமா?”

எழுதிப் போட இடம் இல்லை. அமெரிக்காவில் அது உண்மைதான். மருத்துவத் தரத்தில் தேறாதவனுக்குக்கூட அந்தந்தப் படை ஆராய்ந்து பார்த்து விலக்கு கொடுக்கலாம். அங்கே தரமே நம்மைவிடத் தாராளம், கண்ணாடி பவர் மைனஸ் 8 வரை தரத்துக்குள்ளேயே வந்துவிடும். நம் ராணுவத்தில் புதிதாகச் சேர வருகிறவனுக்கு ‘குறை இருக்கிறது, பரவாயில்லை, வா’ என்று சொல்லும் தாள் கிடையாது. இங்கே இருப்பதெல்லாம் மறுபடி ஒரு தடவை அளந்து பார்ப்பதுதான். சிப்பாய் வேலைக்கு அதை ரிவ்யூ என்கிறோம். ரேலியில் அன்ஃபிட் ஆனவனை ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்பெஷலிஸ்ட் பார்ப்பார். அதிகாரி வேலைக்கு அப்பீல் மெடிக்கல் போர்டு, 42 நாளுக்குள் போக வேண்டும். அதிலும் விழுந்தால் ரிவ்யூ மெடிக்கல் போர்டு கேட்கலாம். ஆனால் அது உரிமை இல்லை, மேலே இருப்பவர்கள் பார்த்துக் கொடுத்தால் உண்டு.

இந்த வித்தியாசம் மண்டையில் ஏறாமல்தான் நிறையப் பேர் காசையும் நாளையும் தொலைக்கிறார்கள். விலக்கு என்றால் கெஞ்சலாம், சிபாரிசு பிடிக்கலாம். அளவு என்றால் அளவுதான். முதலில் அளந்தது தப்பாக இருந்தால் ரிவ்யூ காப்பாற்றும். கண்ணே அப்படி என்றால் எத்தனை முறை அளந்தாலும் அதே எண்தான் வரும். ஆகவே முதல் கேள்வி எந்த வழி என்பது இல்லை, என் கண்ணில் என்ன என்பது. எங்கள் மூன்று பையன்களுக்கும் மூன்று விதமான கண். மூன்றுக்கும் பதில் வேறு.

முதலாமவன் நெசவாளர் வீட்டுப் பையன். வலது கண் 6/6, இடது கண் 6/9. ராணுவச் சிப்பாய்க்குக் கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக 6/6 வேண்டும். அதாவது ஆறு மீட்டரில் படிக்க வேண்டிய எழுத்தை ஆறு மீட்டரிலேயே படிக்க வேண்டும். 6/9 என்றால், நல்ல கண் ஒன்பது மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை இவன் ஆறு மீட்டருக்கு வந்துதான் படிக்கிறான். ஒரு வரி குறைவு. அந்த ஒரு வரிக்கு வீட்டில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அவனை வாசலில் வெளிச்சத்தில் நிறுத்தினேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குண்டூசியால் ஒரு ஓட்டை. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணில் அந்த ஓட்டை வழியாக எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்க்கச் சொன்னேன். வெறும் கண்ணுக்கு மங்கலாக இருந்த தேதி ஓட்டை வழியாகப் பளிச்சென்று தெரிந்தது. இது வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை. ஓட்டை வழியாகத் தெளிந்தால் பிரச்சினை பவர் சம்பந்தப்பட்டது. தெளியாவிட்டால் விஷயம் வேறு. சோம்பல் கண், விழித்திரைக் கோளாறு, கருவிழித் தழும்பு என்று ஏதாவது இருக்கலாம். அப்போது ரேலியை மறந்துவிட்டு முதலில் கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

பவர்தான் என்றால் அடுத்த கேள்வி, அது நிஜப் பவரா என்பது. இப்போது ரேலிக்கு முன்னால் ஆன்லைன் எழுத்துத் தேர்வு வந்துவிட்டதால், இந்தப் பையன்கள் மாதக்கணக்கில் போனிலேயே படிக்கிறார்கள். கிட்டப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குள் லென்ஸை வளைக்கும் தசை இறுகிப் போய், தூரம் பார்க்கும்போதும் தளர மறுக்கும். கணக்குக்கு மைனஸ் அரை, முக்கால் என்று காட்டும். கண்ணோ நல்ல கண். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திவிட்டு அளப்பது. வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையிலோ திருப்பதி அரவிந்திலோ போய் நின்றால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

அங்கே ஒரு எச்சரிக்கை. சொட்டு மருந்தில் பல வகை உண்டு. அட்ரோபின் விட்டால் கண்பாப்பா விரிந்தபடியே ஒரு வாரம், பத்து நாள்கூட இருக்கும். வெயிலில் கண் கூசும், கிட்டத்தில் எதுவும் தெரியாது. ரிவ்யூவுக்குக் கெடுவே சில நாள்தான், தேதி சீட்டிலேயே இருக்கும். அந்தக் கோலத்தில் ராணுவ மருத்துவமனைக்குப் போய் நின்றால் என்ன ஆவது? “ரிவ்யூ இருக்கிறது, சீக்கிரம் தெளியும் மருந்து விடுங்கள்” என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவனுக்கு மருந்து விட்டுப் பார்த்ததில் பவர் கால் கூடத் தேறவில்லை. ஆக, ரிவ்யூ. போனைப் பிடுங்கி அவன் அம்மாவிடம் கொடுத்தேன், தூங்கச் சொன்னேன், அவ்வளவுதான் வைத்தியம். கேரட், கண்ணைச் சுழற்றும் பயிற்சி, யாரோ கொடுத்த பச்சிலைச் சாறு, எதுவும் வேண்டாம். சாறு விட்டுக் கருவிழியில் புண்ணானால் ஒரு வரி குறைவாக இருந்த கண் நிரந்தரமாகப் போய்விடும். சார்ட்டை மனப்பாடம் செய்யும் கில்லாடித்தனமும் வேண்டாம். ஆங்கில ‘ஈ’ எழுத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டும்போது எதை மனப்பாடம் செய்வது? கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் டாக்டர் எதிரில்தான் நிற்கிறார்.

இந்த நேரத்தில்தான் ‘ஆள்’ வருவார். எங்கள் பையன் வீட்டுக்கும் வந்தார். ரிவ்யூவில் தெரிந்தவர் இருக்கிறார், ஒன்றரை லட்சம், முன்பணம் இருபதாயிரம், வேலை நடக்காவிட்டால் காசு வாபஸ் என்றார். என்னிடம் சொல்லாமலே கொடுத்துவிட்டார்கள். இந்த வியாபாரத்தின் சூட்சுமம் ரொம்ப எளிது. அவர் யாரையும் பார்க்கவே மாட்டார். பத்துப் பேரிடம் வாங்குவார். அதில் தானாகத் தேறும் மூன்று நாலு பேரின் பணம் அவருக்கு. தேறாதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, “பாரு, எவ்வளவு நாணயமான மனுசன்” என்று பெயரும் வாங்கிக்கொள்வார். எங்கள் பையன் ரிவ்யூவில் ஃபிட் ஆனான். தூங்கியதற்கு அவன் அம்மா இருபதாயிரம் கொடுத்த கணக்கு. மீதிக்கும் ஆள் வந்து வாசலில் நின்றார். நாங்கள் நாலு மிலிட்டரிக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ரிவ்யூவிலும் விழுந்திருந்தால்? இதைத்தான் நான் எல்லாப் பையன்களிடமும் ஓட ஆரம்பிக்கும் முன்பே சொல்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எல்லாப் படைக்கும் கண் தரம் ஒரே மாதிரி இல்லை. அவனுடைய அதே 6/6, 6/9 கண்ணை வைத்துக்கொண்டு பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். என்று மத்தியப் படைகளில் கான்ஸ்டபிள் வேலைக்குப் போகலாம். அங்கே ஒரு கண் 6/6, மறு கண் 6/9 போதும். ஆனால் கண்ணாடிக்கு இடமே இல்லை, வெறும் கண்ணில் இந்த அளவு வர வேண்டும். விமானப்படை அக்னிவீருக்கு இன்னும் வேடிக்கை. வெறும் கண்ணில் 6/12 இருந்தால் போதும், கண்ணாடி போட்டு 6/6 வந்தால் சரி, கிட்டப்பார்வை மைனஸ் 1 வரை ஏற்கிறார்கள். ‘ஏர்ஃபோர்ஸ்னா கண்ணு கழுகு மாதிரி இருக்கணும்’ என்று ஊரில் பேசிக்கொள்வதெல்லாம் பைலட்டைப் பற்றி. தரையில் வேலை செய்யும் வான்படை வீரனுக்குத் தரைப்படைச் சிப்பாயைவிட இந்த விஷயத்தில் தளர்வு அதிகம். பிளஸ் டூவில் மொத்தம் 50 சதவீதமும் ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும் என்பதுதான் எங்கள் பையன்களுக்கு இடிக்கும்.

என்னைக் கேட்டால், கண்ணில் ஒரு வரி சந்தேகம் உள்ளவன் கான்ஸ்டபிள் தேர்வை இரண்டாம் பட்சமாக நினைக்கக் கூடாது. இப்போது சிப்பாயாகச் சேரும் அக்னிவீருக்கு நாலு வருடம்தான், அதன் பின் நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் சேவா நிதி பதினொன்றே முக்கால் லட்சம் சுமாருக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். கான்ஸ்டபிளுக்கு அறுபது வயது வரை வேலை. அதோடு 2024 ஜனவரியிலிருந்து அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் படித்தவன் தெலுங்கில் எழுதலாம். ஓட்டம் மட்டும் வேறு மாதிரி, 5 கிலோமீட்டர், 24 நிமிடம். மூச்சை வேறு விதமாகப் பழக்க வேண்டும். மெடிக்கலில் விழுந்தால் அங்கேயும் மறுபரிசோதனை ஒன்று உண்டு. உடனே நடத்திவிடுவார்கள், அதுதான் கடைசி.

சரி, இரண்டாவது பையன். பலமநேர் பக்கம் வீடு, குடியாத்தத்தில் பாட்டி வீட்டில் தங்கி டிகிரி இரண்டாம் வருடம். அவனுடைய ரேலியே வேறு. இருப்பிடச் சான்று ஆந்திராவில் என்பதால் அவனைக் கூப்பிடுவது குண்டூர் அலுவலகம், எங்கள் பையன்களைக் கூப்பிடுவது சென்னை. பாட்டி முகவரியில் இங்கேயும் ஒரு விண்ணப்பம் போட்டுவிடலாமா என்று போன வருடம் கேட்டான். இரண்டு இடத்தில் போட்டால் இரண்டும் போய்விடும் என்று காதைத் திருகினேன்.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75, சொட்டு மருந்து விட்டு அளந்த நிஜப் பவர். வெறும் கண்ணில் சார்ட்டின் மேல் வரிகளோடு சரி. இந்தக் கண்ணோடு ரிவ்யூவுக்குப் போவது பஸ் காசுக்குக் கேடு. அவன் மனதில் இருந்தது கண்ணுக்கு லேசர் சிகிச்சை. கண் டாக்டர் விளம்பரத்தைப் போனில் வைத்திருந்தான், அப்பா நிலத்துப் பணத்தை எடுக்கத் தயாராக இருந்தார். “பதினஞ்சு நிமிசம்தான் மாமா, அடுத்த ரேலிக்குக் கண்ணாடியே வேணாம்.”

லேசிக் என்ற அந்த லேசர் சிகிச்சை செய்தால் பார்வை 6/6 வரும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ராணுவம் பார்வையை மட்டும் பார்ப்பதில்லை. பட்டதாரி அதிகாரி நுழைவுக்கு அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனைகளைப் படித்தால் அவர்கள் மனது புரியும். 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது. செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. விழியின் நீளம் 26 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றைத்தான் பையன்கள் யாரும் கவனிப்பதில்லை. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழியே முன்பின்னாக நீண்டுவிடுவது. சாதாரணமாக 24 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். லேசர் கருவிழியை முன்னால் இழைத்துப் பவரைச் சரிசெய்கிறது, நீளத்தைக் குறைப்பதில்லை. நீண்ட விழியில் பின்னால் இருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், அடிபட்டால் பிரிந்துகொள்ளும் ஆபத்து அதிகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டாய் சரி, விழி எவ்வளவு நீளம் என்று அவர்கள் கேட்பது அதனால்தான்.

இப்போது வயதுக் கணக்கைப் போடுங்கள். 2022இல் அக்னிபத் திட்டம் வந்தபோது பதினேழரை முதல் 21 வயது என்று வைத்தார்கள், அந்த ஒரு வருடம் மட்டும் 23. வருடா வருடம் அறிவிப்பில் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 20 வயதில் லேசிக், அதன் பின் ஒரு வருடம் என்றாலே 21 முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் செய்தால் கண் இன்னும் வளர்கிற வயது, பவர் திரும்பிவரலாம். விமானப்படை அக்னிவீருக்கோ லேசிக் செய்த கண்ணே ஆகாது என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. ஆக சிப்பாய் வேலைக்காக லேசர் என்பது, என் பார்வையில், கணக்கே வராத செலவு. அரை லட்சத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் நிலத்துப் பணம்.

சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் உண்டு. ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் லேசிக்கில் கருவிழி மேல் மூடி மாதிரி வெட்டிய மடலின் ஓரம் வருடக்கணக்கில் வட்டமாகத் தெரியும். மடல் இல்லாத புது முறைகளிலும் கருவிழி வரைபடம் எடுத்தால் நடுவில் தட்டையாக இழைத்தது படம் பிடித்துக் காட்டிவிடும். மறைத்து உள்ளே போய்ப் பின்னால் மாட்டினால் பொய் வாக்குமூலம் என்று அனுப்பிவிடுவார்கள், கண் காரணம் என்று அல்ல. அந்தப் பெயரோடு வேறு அரசு வேலைக்குப் போவதும் கஷ்டம்.

ஆனால் அவன் டிகிரி படிக்கிறான் இல்லையா, அதுதான் அவனுக்கு வாசல். சிப்பாய்க்கு ஆகாத அதே மைனஸ் 1.75, அதிகாரிக்கு ஆகும். பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். நுழைவில் தரைப்படைக்குக் கண்ணாடி போட்டு 6/6 வந்தால் போதும், மைனஸ் மூன்றரை வரை ஏற்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் போகும் என்.டி.ஏ.வுக்கு மைனஸ் இரண்டரை வரை, ஆனால் அங்கே லேசிக் கூடாது. இதை முதல் தடவை கேட்கும் எல்லாரும் சிரிக்கிறார்கள். துப்பாக்கி தூக்குகிறவனுக்குக் கண்ணாடி கூடாது, அவனை நடத்திக்கொண்டு போகிறவனுக்குக் கூடுமா என்று. என் சர்வீஸ் முழுக்க நானும் இதையே கேட்டிருக்கிறேன். உள்ளே போன பிறகு கண்ணாடி போட்ட சிப்பாயை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஷேப் என்று சொல்லும் மருத்துவத் தரத்தில் கடைசி எழுத்து கண்ணுக்கு, அதில் ஒரு எண் மாறும், அவ்வளவுதான். வாசலில்தான் இந்தக் கெடுபிடி. வாசலில் கூட்டம் அதிகம், கழிக்க ஏதாவது அளவு வேண்டியிருக்கிறது என்றுதான் நான் சமாதானம் செய்துகொண்டேன்.

அந்தப் பையனுக்கு அதிகாரித் தேர்வு என்றதும் முகம் சுருங்கியது. ஆங்கிலம், இன்டர்வியூ, ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியச் சோதனை என்றால் யாருக்கும் பயம்தான். லேசருக்கு எடுத்து வைத்த பணத்தில் பாதியை அவன் ஆங்கிலத்துக்குச் செலவு செய்யலாம் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. எப்படியும் லேசர் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், 20 முடியட்டும், பவர் ஒரு வருடமாக மாறாமல் இருக்கட்டும், முதலில் கருவிழி வரைபடம் எடுத்துக் கெரட்டோகோனஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளட்டும். கருவிழி கூம்பாகத் துருத்தும் நோய் அது. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பையன்களிடம் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணை லேசரால் இழைத்தால் வேலையும் போய்க் கண்ணும் போகும்.

மூன்றாவது என் அக்கா மகன். 6/6, இரண்டு கண்ணும் கண்ணாடி மாதிரி. விழுந்தது நிறத்தில்.

இஷிஹாரா புத்தகம் என்று ஒன்று, புள்ளிகளால் ஆன வட்டங்களுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் 12. அதை எல்லாராலும் படிக்க முடியும், பொய் சொல்கிறவனைப் பிடிப்பதற்காக வைத்தது. அடுத்தடுத்த பக்கங்களில்தான் விளையாட்டு. நல்ல கண்ணுக்கு 8 தெரியும் இடத்தில் சிவப்பு-பச்சைக் குறை உள்ளவனுக்கு 3 தெரியும். 74 இருக்கும் பக்கத்தில் அவன் 21 என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே அங்கே 21தான் எழுதியிருக்கிறது.

அதோடு விடமாட்டார்கள். மார்ட்டின் லேன்டர்ன் என்ற விளக்குப் பெட்டியில் சிவப்பு, பச்சை, வெள்ளை வெளிச்சம் காட்டி எத்தனை மீட்டரில் சரியாகச் சொல்கிறான் என்று பார்ப்பார்கள். புத்தகத்தையும் விளக்கையும் வைத்து, நிறம் பிரிக்கும் திறனுக்கு சி.பி. 1, 2, 3, 4 என்று தரம் போடுவார்கள், எண் ஏற ஏறத் தரம் குறைவு. தரைப்படைச் சிப்பாய்க்கு சி.பி. 3 போதும். புத்தகத்தில் தடுமாறினாலும் கிட்டத்தில் காட்டும் சிக்னல் சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொன்னால் அது கிடைத்துவிடும். விமானப்படைக்கு சி.பி. 2. ஆக, நிறத்தில் லேசான குறை உள்ளவன் விமானப்படை ஃபாரம் வாங்கவே வேண்டாம், தரைப்படைக்குப் போகலாம். ஒரு வரி பார்வை குறைந்தவனுக்கு நான் மேலே சொன்னதற்கு இது நேர் தலைகீழ். இப்படித்தான் ஒரு கண்ணுக்கு எதிர்வாசல் இன்னொரு கண்ணுக்குச் சுவர்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே சி.பி. 3 ஆள். 74 பக்கத்தில் எனக்கும் 21தான். அந்தக் காலத்தில் விளக்குப் பெட்டியில் தப்பித்து உள்ளே போனவன். என் அக்கா மகனுக்கு விளக்கும் கைவிட்டுவிட்டது, சி.பி. 4. வீட்டில் அக்கா அழுதுகொண்டே, “தாய்மாமன் சீரா இதத்தான் குடுத்தியா?” என்று கேட்டாள். மெய்யாகவே அப்படித்தான் வருகிறது. ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை இருக்கும் இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் போகிறது. அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவின் மூலமாக மகனுக்கு வந்து சேரும். நான் கொடுத்ததில்லை, எங்கள் அம்மா எனக்கும் அக்காவுக்கும் பங்கு வைத்தது, அக்கா தன் பங்கை மகனிடம் கொடுத்துவிட்டாள். எனக்குக் கிடைத்த பங்கு கொஞ்சம் லேசானது, அவனுடையது கனமாகக் காட்டுகிறது. ஒரே குறைதான், ஆனால் சோதனையில் ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின்னாக நிற்கும், அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான்.

இதற்கு அறுவை சிகிச்சை கிடையாது, மருந்து கிடையாது. நிறக் கண்ணாடி, நிற லென்ஸ் என்று விற்கிறார்கள், அவை புத்தகத்தில் சில எண்களைத் தெரியவைக்கும், போர்டு ஏற்காது. ரிவ்யூ? விளக்குச் சோதனை அரைகுறை வெளிச்சத்தில் அவசரமாக நடந்தது என்று நம்பக் காரணம் இருந்தால் போகலாம். அவனைச் சும்மா அனுப்பினேன், அக்காவின் மனத்திருப்திக்காக. அதே 4 என்று வந்தது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். மெடிக்கல் போர்டு சொன்னதற்கு மேல் நீதிமன்றங்கள் பொதுவாகப் போவதில்லை. மிஞ்சினால் இன்னொரு முறை பார்க்கச் சொல்லும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் அந்தச் செலவுக்கு ஒரு அர்த்தம் உண்டு. இரண்டு தடவையும் அதே எண் வந்தவனுக்கு இல்லை.

ஆக அவனுக்கு வேறு வாசல்தான். ரயில்வே என்றால் எல்லாரும் நினைப்பது என்ஜின் டிரைவரை. அதற்கு ஏ-1 தரம், வெறும் கண்ணில் 6/6, நிறமும் கச்சிதமாக வேண்டும். ஆனால் அதே ரயில்வேயில் ஆபீஸ் வேலைகளுக்கு சி-2 தரம், ஒரு கண்ணில் கண்ணாடியோடு 6/12 இருந்தால் போதும், நிறம் கேட்பதே இல்லை. அறிவிப்பில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் இந்தத் தரம் போட்டிருக்கும், ஃபாரம் போடும்போது சம்பளப் பத்தியைப் பார்க்கும் பையன்கள் அந்தப் பத்தியைப் பார்ப்பதில்லை. வி.ஏ.ஓ., ஜூனியர் அசிஸ்டென்ட் என்று குரூப் 4 பக்கம் போனாலும் நிறம் குறுக்கே வராது. வண்டி லைசென்ஸும் போய்விடுமோ என்று அவன் பயந்தான். 2020இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் தளர்த்தி, லேசான, நடுத்தரமான நிறக்குறை உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் கொடுக்கச் சொல்லிவிட்டது. டாக்டரிடம் காட்டித் தன் அளவைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இப்போது எங்கள் கிரவுண்டில் ஒரு புது வழக்கம். சேர வரும் பையனை முதல் நாள் ஓடவிடுவதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் சார்ட்டை ஒட்டி, ஆறு மீட்டரை டேப் வைத்து அளந்து கோடு போட்டிருக்கிறோம். இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்த்து, நோட்டில் எழுதி, அதற்குப் பிறகுதான் எந்தத் தேர்வுக்கு எந்த ஓட்டம் என்று பிரிக்கிறோம். ஐந்தரை நிமிடக் கூட்டம் ஒன்று, 24 நிமிடக் கூட்டம் ஒன்று. நிறப் புத்தகம் பழையதாக ஒன்று கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலையை அக்கா மகனிடம் கொடுக்கலாம் என்றால், பையன் சொல்லும் எண் சரியா தப்பா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நெசவாளர் வீட்டுப் பையன் டிரெயினிங் கிளம்பும் வரை அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். அடுத்து யாரை உட்கார வைப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.